கடல் பாடமும் கண்ணாடித் தம்ளரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆசிரியர்களுடையவை, எல்லாமே கடலைச் சுற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த தடவைக்குத் தள்ளிவிட்டு, பகுதி முழுவதையும் கடலுக்கே கொடுத்துவிட்டேன்.

ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆய்வகம் என்று தனியாக எதுவும் இல்லை. மாணவர்களில் பலர் கடலைப் பார்த்ததே இல்லை. உப்புத்தன்மை, அடர்த்தி, நீரோட்டம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஐஸ்கட்டி சோதனை. இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது. இரண்டு கண்ணாடித் தம்ளர், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்துவிடுங்கள். கரைத்த பிறகு இரண்டும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சும்மா விடுங்கள், இது முக்கியம். அப்புறம் ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ்கட்டிகளை ஒரே நேரத்தில் போட வேண்டும். ஆனால் போடுவதற்கு முன்னால், எது முதலில் உருகும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் எழுதட்டும், காரணத்தோடு. வாயால் சொன்னால் போதாது. சத்தமாகப் பேசும் நாலு பேர் சொல்வதையே மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள்.

அநேகமாக எல்லாரும் உப்புத் தண்ணீர் என்றுதான் எழுதுவார்கள். உப்பு போட்டால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்று எங்கேயோ படித்திருப்பார்கள், பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். நடப்பதோ நேர்மாறு. நல்ல தண்ணீரில் போட்ட கட்டி கரைந்து காணாமல் போன பிறகும் உப்புத் தண்ணீரில் போட்டது மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்காதீர்கள், விளக்கத்தையும் உடனே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சண்டை போடட்டும்.

அடுத்த நாள் அதையே நிறம் கலந்த ஐஸ்கட்டியை வைத்துச் செய்யுங்கள் (தண்ணீரில் நாலைந்து சொட்டு ஃபுட் கலர் விட்டு உறைய வைத்தால் போதும்). இப்போது காரணம் கண்ணுக்கே தெரியும். நல்ல தண்ணீரில், உருகிய குளிர்ந்த நீர் சுற்றியிருக்கும் நீரைவிடக் கனமானது, அதனால் நிற நூல்களாக அடியை நோக்கி இறங்கும், அந்த இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் வந்து கட்டியைத் தொடும், மறுபடி உருகும், மறுபடி இறங்கும், இப்படியே ஒரு சுழற்சி. உப்புத் தண்ணீரில் இது நடக்காது. உருகி வருவது குளிர்ந்த நீர்தான், ஆனால் அதில் உப்பு இல்லை, ஆகவே கீழே இருக்கும் உப்பு நீரைவிட லேசு. மேலேயே ஒரு நிற அடுக்காகத் தேங்கி நிற்கும். கட்டி தன் குளிர்ந்த நீரிலேயே உட்கார்ந்திருப்பதால் வெப்பம் அதனிடம் போய்ச் சேர நேரமாகிறது. உப்பு உறைநிலையைக் குறைக்கிறது என்பதும் உண்மைதான், ஆனால் இந்தத் தம்ளரில் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம் எப்படிப் பயணிக்கிறது என்பதே. சரிபார்க்க வேண்டுமா? இரண்டு தம்ளரையும் ஒரே மாதிரி கலக்கிக்கொண்டே இருங்கள், வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடும்.

இங்கிருந்து கடலுக்குப் போக ஒரே எட்டுதான். வட அட்லாண்டிக்கிலும் அன்டார்க்டிகாவைச் சுற்றியும் குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் கனத்து ஆழத்துக்கு இறங்குகிறது. உலகக் கடல்களின் ஆழத்தில் மெதுவாக நகரும் பெரிய ஓட்டங்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. கிரீன்லாந்து பனி உருகி நல்ல தண்ணீர் மேலே பரவினால் அந்த இறக்கம் தடைபடலாம் என்று கடலியலாளர்கள் கவலைப்படுவது ஏன் என்பதை, நிற அடுக்கு மேலே தேங்கி நின்றதைப் பார்த்த பிள்ளைக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடல்நீருக்குப் பதிலாக உப்புக் கரைசல் செய்ய எவ்வளவு உப்பு போட வேண்டும்? சாதாரண உப்பே போதுமா?

லிட்டருக்கு 35 கிராம், ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. உலகக் கடல்களின் சராசரி அதுதான். தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கரைசலைக் கொஞ்சம் கலங்கலாக்கும், கல்லுப்பு கிடைத்தால் நல்லது.

அடர்த்தி பற்றிய சோதனைகளுக்கு இது போதும். ஆனால் உண்மைக் கடல்நீர் வெறும் சமையலுப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அதில் கரைந்திருப்பவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் சோடியமும் குளோரைடும், மிச்சம் மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம், பொட்டாசியம். இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது ஒன்று உண்டு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். மொத்த உப்பு இடத்துக்கு இடம் மாறியது, ஆனால் முக்கியமான உப்புகளுக்குள் இருக்கும் விகிதம் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அவ்வளவு நன்றாகக் கலந்திருக்கிறது கடல். குளோரைடை மட்டும் அளந்து மொத்த உப்பைக் கணக்கிடும் பழக்கம் வெகுகாலம் நீடித்ததற்கு இதுவே காரணம்.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று செய்து காட்டி, கடலில் நீந்துவது சுலபமாக இருப்பதும் இதனால்தான் என்று சொன்னேன். ஒரு மாணவி உண்மையான கடல்நீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள், முட்டை மூழ்கிவிட்டது. என்ன சொல்லிச் சமாளிப்பது?

சமாளிக்கவே வேண்டாம். அந்த மாணவியைப் பாராட்டுங்கள், அவள் செய்ததுதான் விஞ்ஞானம்.

கடல்நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் மட்டுமே அதிகம். புதிய முட்டையின் அடர்த்தி அதைவிடக் கூடுதல், அது மிதக்க லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் உப்பு வேண்டும். வகுப்பில் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே போகும்போது நாம் கடலைத் தாண்டி எங்கேயோ போய்விடுகிறோம். சாக்கடல் அளவுக்கு உப்பு இருந்தால் முட்டை தாராளமாக மிதக்கும், அங்கே உப்பு சாதாரணக் கடலைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. மனித உடம்பு கதை வேறு. நம் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் அந்த இரண்டரை சதவீதமே நீந்தும்போது தெரிகிறது.

இனி செய்யும்போது உப்பை எடை போட்டுப் போடச் சொல்லுங்கள். 35 கிராமில் ஒருமுறை நிறுத்தி "இப்போது கடலில் இருக்கிறோம், முட்டை எங்கே?" என்று கேட்டுவிட்டு மேலே போகலாம். கூடவே இன்னொன்று: பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடும், அது நல்ல தண்ணீரிலேயே மிதக்கப் பார்க்கும். எல்லாக் குழுவுக்கும் ஒரே நாளின் புது முட்டைகளைக் கொடுங்கள்.

ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்று காட்ட, பாட்டிலில் மேலே, நடுவே, கீழே மூன்று துளை போட்டேன். கீழ்த் துளையிலிருந்து வரும் தண்ணீர்தான் அதிக தூரம் பாயும் என்று படம் போட்டிருக்கிறது. எனக்கு நடுத் துளையிலிருந்துதான் தூரமாகப் பாய்ந்தது. துளை சரியில்லையா?

துளை சரி, பாட்டிலும் சரி. தப்பு அந்தப் படத்தில். எத்தனையோ புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக அச்சாகிவரும் படம் அது.

கீழ்த் துளையிலிருந்து வரும் நீர்தான் வேகமானது, சந்தேகமில்லை. ஆனால் பாட்டில் மேசையில் நின்று, நீரும் அதே மேசையில் விழுந்தால், கீழ்த் துளை நீருக்குப் பறக்க நேரமே கிடைப்பதில்லை, வெளியே வந்த உடனே மேசையைத் தொட்டுவிடுகிறது. மேல் துளைக்கு நேரம் நிறைய, வேகம் குறைவு. இரண்டும் பெருக்கிக் கிடைப்பதுதான் தூரம், அது நட்ட நடுவில் அதிகபட்சம். நீரின் உயரத்தில் கால், அரை, முக்கால் என்று துளையிட்டால் மேலும் கீழும் ஒரே இடத்தில் வந்து விழும், நடுவில் இருப்பது முந்திக்கொள்ளும். டோரிசெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே இதன் கணக்கைப் போட்டுவிட்டார்.

அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால், பாட்டிலை ஒரு ஸ்டூலின் விளிம்பில் வைத்து நீரைத் தரையில் விழவிடுங்கள். ஸ்டூலின் உயரம் பாட்டிலில் உள்ள நீரின் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் கீழ்த் துளை நீரே அதிக தூரம் போகும். பெரிய வகுப்புகளாக இருந்தால் நான் இரண்டையும் செய்யச் சொல்வேன், ஏன் முடிவு மாறியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதன்பிறகு கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்று சொன்னால் அந்த எண்ணுக்கு ஒரு பிடிமானம் இருக்கும். 1960இல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் என்ற கலத்தில், கடலிலேயே மிக ஆழமான இடமான சேலஞ்சர் மடுவின் அடிக்கு இறங்கினார்கள். ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழம், மேற்பரப்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம். ஆழ்கடல் ஆய்வுக் கப்பல்களில் தெர்மாகோல் கப்புகளைக் கருவிகளோடு கட்டி இறக்குவார்கள், உள்ளிருக்கும் காற்றெல்லாம் நசுங்கி விரல் நுனி அளவில் திரும்பி வரும். அந்தப் படத்தைக் கிடைத்தால் காட்டுங்கள்.

தம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் ஏறவில்லை என்று என் மகன் செய்து பார்த்துவிட்டு, "அப்படியென்றால் பனி உருகிக் கடல் உயரும் என்பது பொய்யா?" என்கிறான். ஒன்பதாம் வகுப்பு.

நல்ல கேள்வி, பாதிச் சோதனை. மீதியையும் அவனையே செய்யச் சொல்லுங்கள். இன்னொரு தம்ளரில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல்லை வைத்து, அதன் மேல் ஐஸ்கட்டியை வைக்கட்டும், நீர்மட்டத்தில் கோடு போடட்டும். இது உருகினால் மட்டம் ஏறும். முதலாவது கடலில் மிதக்கும் ஆர்க்டிக் பனி, இரண்டாவது நிலத்தின் மேல் கிடக்கும் கிரீன்லாந்து, அன்டார்க்டிகா பனிப்படலம். கிரீன்லாந்து பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பனியே இல்லாமலும் கடல் உயரும், சூடானால் நீர் விரியும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் நிற நீரை விளிம்புவரை, குமிழியே இல்லாமல் நிரப்பி, வாயில் ஒரு ஒளி ஊடுருவும் ஸ்ட்ராவைச் செருகிக் களிமண்ணால் அடைத்து, சுடுநீரில் வைத்தால் ஸ்ட்ராவில் நீர் ஏறுவது தெரியும். கவனமாகப் பார்த்தால் ஏறுவதற்கு முன் ஒரு கணம் இறங்கும், ஏனென்றால் முதலில் சூடாகி விரிவது கண்ணாடி. அந்தச் சின்ன இறக்கத்தைக் கவனித்துக் கேட்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். புவி வெப்பமடைவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேருவது கடலில்தான். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அதில் இந்த விரிவுக்கும் பெரும் பங்கு உண்டு.

கடல் அமிலமாவதைக் காட்டச் சாக்பீஸை வினிகரில் போட்டேன். நுரையே வரவில்லை.

இப்போது வரும் சாக்பீஸ்களில் பெரும்பாலானவை ஜிப்சம், சுண்ணாம்புக்கல் இல்லை. கிளிஞ்சல் அல்லது முட்டை ஓட்டைப் போடுங்கள், நுரைக்கும்.

ஆனாலும் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். வினிகரின் பி.எச். அளவு (7க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்) சுமார் 2.5. கடல் மேற்பரப்பின் பி.எச். தொழிற்புரட்சிக்கு முன் இருந்த 8.2இலிருந்து இப்போது 8.1க்கு வந்திருக்கிறது, அதாவது கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. கிளிஞ்சல்கள் கடலில் நுரைத்துக் கரைந்துகொண்டிருக்கின்றன என்ற படம் பிள்ளைகள் மனதில் பதிந்தால் அது தவறான படம். 0.1 என்பது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கின்றன என்று அர்த்தம். ஓடு கட்டும் உயிர்களுக்கு அதனால் கட்டுமானம் கடினமாகிறது, அதுதான் சிக்கல்.

இதைவிட நேர்மையான சோதனை மூச்சுக்காற்று. புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைச் சில சொட்டுகள் தண்ணீரில் விடுங்கள் (மீன்தொட்டி நீரைச் சோதிக்க விற்கும் கரைசல்கள் பலவற்றில் இருப்பது இதுதான்). நீலமாக இருக்கும் நீரில் ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதினால், மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். எந்த அமிலத்தையும் ஊற்றாமல், காற்றிலிருந்த வாயுவே நீரை மாற்றியது. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் இப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. அதே அளவு கடல்நீரிலும் நல்ல தண்ணீரிலும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், கடல்நீர் அவ்வளவு சுலபத்தில் நிறம் மாறாது, அதில் கரைந்துள்ள பைகார்பனேட் தாங்கிப்பிடிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஸ்ட்ரா, உறிஞ்சினாலும் வாய்க்கு வராதபடி ஸ்ட்ராவின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஊதினால் இன்னும் நல்லது.

இத்தனை வீடியோக்கள் இருக்கும்போது இவ்வளவு சிரமம் தேவையா?

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளையும் அங்கே வாழும் உயிர்களையும் வீடியோவில்தான் பார்க்க முடியும், தாராளமாகக் காட்டுங்கள். ஒரு தம்ளருக்குள் நடக்கக்கூடியதை மட்டும் வீடியோவில் காட்டாதீர்கள். வீடியோ எப்போதும் சரியாகவே வரும், பிள்ளை எதையும் முன்கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை, ஊகம் தப்பாகும் வாய்ப்பும் இல்லை.

நீரோட்டத்தை வகுப்பில் காட்ட முடியுமா? மேலே ஒரு பக்கமும் அடியில் எதிர்ப்பக்கமும் நீர் ஓடும் என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

நம்ப மறுப்பது நியாயம்தான். இந்தக் கேள்விக்கு 340 ஆண்டுகளுக்கும் முந்தைய விடை ஒன்று இருக்கிறது. இத்தாலியரான லூய்ஜி மார்சிலி 1679இல் இஸ்தான்புல் போனபோது, கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் மேற்பரப்பில் நீர் கருங்கடலிலிருந்து வெளியே ஓடினாலும் ஆழத்தில் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று அங்குள்ள மீனவர்கள் சொல்லக் கேட்டார். தக்கைகளைக் கட்டிய கயிற்றை எடை சேர்த்துப் படகிலிருந்து இறக்கிப் பார்த்தார், மீனவர்கள் சொன்னது சரி. அத்தோடு விடாமல் இரண்டு பக்க நீரையும் எடை பார்த்து, நடுவில் தடுப்பு வைத்த ஒரு தொட்டியில் அதையே செய்துகாட்டி 1681இல் வெளியிட்டார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதே தொட்டிதான்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நடுவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, ஓரங்களைக் களிமண்ணால் நீர் கசியாமல் அடையுங்கள். அட்டையில் மேலே ஒரு துளை, அடியில் ஒரு துளை, இரண்டையும் களிமண்ணால் மூடி வையுங்கள், பிறகு இழுத்தெடுக்கும்படி ஒரு நூல் விட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீல நிற உப்பு நீர், மறுபக்கம் மஞ்சள் நிற நல்ல நீர், மட்டம் இரண்டிலும் ஒன்றாக, இரண்டு துளைகளும் நீருக்குள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் அடித்துளை வழியாக நீலம் ஒரு பக்கம் போகும், மேல் துளை வழியாக மஞ்சள் எதிர்ப்பக்கம் வரும். நிறங்கள் கலந்து பச்சையாகிவிடுமே என்று பயப்படுவீர்கள், கொஞ்சம் கலக்கும், ஆனால் அவசரப்பட்டு ஊற்றாமல் இருந்தால் கடைசியில் நீலம் அடியிலும் மஞ்சள் மேலேயும் அடுக்காக நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் போதும், பின்வரிசைக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் இரு மடங்காக்குங்கள், ஆக்கியதைச் சொல்லியும் விடுங்கள்.

சுனாமி விமான வேகத்தில் வரும் என்கிறார்கள். இதை எப்படிப் புரியவைப்பது? செய்துகாட்ட ஏதாவது?

நீளமான டிரேயில் 1 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை விரல் தடிமனுக்குத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். ஒரே அலை முன்னும் பின்னும் போய்வரும். ஐந்து முறை போய்வர ஆகும் நேரத்தை அளந்து ஐந்தால் வகுக்கட்டும். பிறகு 4 செ.மீ. ஆழத்தில் அதையே செய்யட்டும். 40 செ.மீ. நீள டிரேயில் முதலில் சுமார் 2.6 நொடி, அடுத்து சுமார் 1.3 நொடி வரும். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்கு. அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சுனாமியின் அலைநீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரிது, ஆகவே 4,000 மீட்டர் ஆழமும் அதற்கு இந்த டிரேதான். அதே கணக்கைப் போட்டால் மணிக்கு 700 கி.மீ.க்கு மேல் வரும். கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ.யாகக் குறைந்துவிடும், பின்னால் வருவது முன்னால் இருப்பதை நெருங்க, அலை உயர்கிறது. டிரேயில் ஒரு தக்கையையும் மிதக்கவிடுங்கள், அலை முழு நீளமும் ஓடினாலும் தக்கை அதோடு ஓடாது.

எட்டாம் வகுப்பு படிக்கிறேன். வாஷ்பேசினில் தண்ணீர் சுழன்று இறங்குவது பூமி சுற்றுவதாலா?

இல்லை தம்பி. பூமி ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுக்கிறது, வாஷ்பேசின் சில நொடிகளில் காலியாகிவிடும். நீ குழாயைத் திறந்தபோது நீரில் ஏற்பட்ட சின்ன அசைவும் பேசினின் வடிவமுமே திசையைத் தீர்மானிக்கின்றன. 1962இல் ஆஷர் ஷப்பிரோ என்பவர் சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் நீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து, மிக மெதுவாக வெளியேற்றித்தான் பூமியின் சுழற்சியின் விளைவைப் பார்த்தார்.

நாட்கணக்கில் ஓடும் கடல் நீரோட்டத்துக்கு அந்தச் சுழற்சி பெரிய விஷயம். 1893 முதல் 1896 வரை ஃப்ராம் கப்பலில் ஆர்க்டிக் பனியோடு மிதந்த நார்வே ஆய்வாளர் நான்சென், பனிக்கட்டிகள் காற்றடிக்கும் திசையில் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் கண்டார், சுவீடன் கடலியலாளர் எக்மன் அதற்குக் கணக்குப் போட்டு விளக்கம் தந்தார். நீயும் பார்க்கலாம். வட்டமாக வெட்டிய அட்டையின் நடுவில் ஊசி குத்தி, ஒரு நண்பனை அதை இடஞ்சுழியாக மெதுவாகச் சுற்றச் சொல். அது வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்த பூமி. அட்டையைத் தொடாமல் மேலே ஒரு ஸ்கேலை அசையாமல் பிடித்து, ஸ்கேலின் ஓரமாக நேர்கோடு போடு. கை நேராகத்தான் போகும், அட்டையில் கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். அட்டையை வலஞ்சுழியாகச் சுற்றினால் தெற்கு அரைக்கோளம், அங்கே எந்தப் பக்கம் வளையும் என்பதை முதலில் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் சுற்று.